காதில் கோளாறு எந்த இடத்தில்?

"காது கேக்கல்ல" என்று நம்மிடம் வருகிற எல்லோருக்கும் ஒரே வருத்தம் அல்ல. பசறைப் பக்கத்து லயம் ஒன்றில் ஒரு தாத்தாவும் பேத்தியும். தாத்தா இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஸ்டோரில் ரோலர் பக்கம் நின்றவர். பேத்திக்கு ஏழு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று பின்வாங்கில் இருத்தினார்கள். "பரம்பரைச் செவிடு, என்ன செய்யிறது" என்று வீட்டாரும் விட்டுவிட்டார்கள். நாங்கள் நாலு தடவை சொன்ன பிறகுதான் இருவரும் பதுளை பெரியாஸ்பத்திரி காது கிளினிக்குக்குப் போனார்கள்.

காதுத் துவாரம், செவிப்பறை, அதன் பின்னால் மூன்று சின்ன எலும்புகள், இவை சத்தத்தை உள்ளே கொண்டு போகிற வழி. அதற்கும் உள்ளே நத்தை ஓடு மாதிரி உட்காது, பிறகு நரம்பு. வழியில் அடைப்பா, உட்காதில் பழுதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்போதே ஒரு காதை விரலால் அடைத்து, வாய் மூடி "ம்ம்ம்" என்று சொல்லிப் பாருங்கள். அடைத்த காதில்தான் சத்தம் கூடக் கேட்கும். எலும்பு வழியாகவும் சத்தம் உட்காதுக்குப் போகிறது என்பதே காரணம்.

டொக்டர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைப்பது இதற்குத்தான். 1834இல் வேபர் என்ற ஜெர்மன்காரர் சொன்ன முறை இது. ஒரு காது மட்டும் மந்தமானவருக்கு, வழி அடைபட்டிருந்தால் அந்தக் காதிலேயே கூடக் கேட்கும். உட்காது பழுது என்றால் நல்ல காதில் கேட்கும். இங்கேதான் நம்மவர்கள் பிழை விடுகிறார்கள். கேளாத காதில் கேட்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, நல்ல காதைக் காட்டிவிடுகிறார்கள். கேட்டதை அப்படியே சொல்லுங்கள்.

பிறகு கவையைக் காதின் பின் எலும்பில் வைத்து, அடுத்து காதுக்கு முன்னால் பிடிப்பார்கள். இது 1855இல் ரின்னே என்பவர் சொன்னது. எலும்பில்தான் கூடக் கேட்கிறது என்றால் வழியில் தடை. பேத்திக்கு அப்படித்தான். செவிப்பறைக்குப் பின்னால் சளிபோல நீர் தேங்கியிருந்தது. தாத்தாவுக்குக் காதின் முன்னால்தான் கூடக் கேட்டது, ஆனால் எல்லாமே மெதுவாக. ஹெட்போன் போட்டு, சத்தம் கேட்டதும் பொத்தான் அமுக்குகிற மெஷினில் பார்த்தபோது கீச்சுச் சத்தங்களில் கோடு கீழே இறங்கியிருந்தது. இரைச்சல் கெடுக்கிற காதில் பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸ் அளவில்தான் முதலில் இறங்கும். ஆம்பிளைக் குரல் ஒருவாறு விளங்கி, பேத்தியின் பேச்சு விளங்காமல் போனது அதனால்தான். பாவம், அவளும் கேளாமல், இவரும் கேளாமல்!

செத்த உட்காது உயிரணு திரும்ப முளைக்காது. தாத்தாவுக்குக் காதுக் கருவிதான். பேத்திக்குச் சின்னச் சிகிச்சை போதுமாயிருந்தது; இப்போது முன்வாங்கில் இருக்கிறாள்.

காய்ச்சின எண்ணெய் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே போய்க் கெடுக்கும். கைக்குழந்தை சத்தத்துக்குத் திரும்பாவிட்டால் "வளர்ந்தா சரியாகும்" என்று காத்திருக்க வேண்டாம்; தூங்கும்போதே பார்க்கிற பரிசோதனையும் இருக்கிறது. திடீரென்று ஒரு காது அடைத்துக் கேளாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாள் போகப் போக மருந்து பிடிப்பது குறையும். ரோலர் பக்கம் வேலை செய்கிறவர்கள் காதடைப்பான் கேட்டு வாங்கிப் போடுங்கள். துண்டு எழுத டிஸ்பென்சரிக்கு வரும்போது, ஸ்டோரில் எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.