மளிகைச் சீட்டிலிருந்து விதைப்புத் திட்டம்

ஐந்து வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். இரண்டு ஏக்கர் மானாவாரி மல்லாட்டையைப் பிடுங்கி, காயவைத்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கிலோ 62 ரூபாய்க்குப் போட்டேன். பணம் கைக்கு வந்த சனிக்கிழமை, அதே பையோடு மளிகைக் கடைக்குப் போனேன். சீட்டு 2,410 ரூபாய். அதில் முதல் வரி என்ன தெரியுமா? கடலெண்ணெய் ஒரு லிட்டர். இரண்டாவது வரி துவரம்பருப்பு. என் நிலத்தில் மல்லாட்டைக்கு ஊடே துவரை நின்றுகொண்டிருக்கிறது, நான் கடையில் பருப்பு வாங்குகிறேன்.

வங்கியில் இருந்தபோது கிசான் கிரெடிட் கார்டு கடன் எத்தனையோ போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கடன் வரம்பைக் கணக்கிடும்போது, பயிருக்கான தொகையோடு அறுவடைக்குப் பிந்தைய செலவு, வீட்டுச் செலவு என்று 10 சதவீதம் சேர்ப்போம். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த வரியை நிரப்பினேனே தவிர, ஒரு உழவர் வீட்டு மளிகை எவ்வளவு ஆகும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நிலத்துக்கு வந்த பிறகுதான் அது 10 சதவீதத்தில் அடங்குகிற விஷயம் இல்லை என்று புரிந்தது.

முதலில் ஒரு காரியம் செய்தேன். நீங்களும் செய்யலாம், செலவில்லை. எட்டு வாரம் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஆணியில் குத்தி வைத்தேன். சந்தையில் சீட்டு தரமாட்டார்கள், அதை நோட்டில் எழுதினேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர்: நான், மனைவி, அம்மா, மகள், பேரன். வாரச் சராசரி 2,350 ரூபாய் வந்தது. காய்கறி, கீரை 480. அரிசி 360. பிஸ்கட், நொறுக்குத் தீனி, பாலில் கலக்கும் சத்துமாவு டப்பா 320. எண்ணெய் 310. பருப்பு வகைகள் 290. சோப்பு, பற்பசை, துணித்தூள் 230. சர்க்கரை, டீத்தூள், உப்பு 190. மிளகாய், மல்லி, புளி, மசாலா 170. வருடத்துக்குப் பெருக்கினால் 1,22,200 ரூபாய். அந்த வருடம் மல்லாட்டையில் செலவு போக எனக்கு நின்றது 31,000.

இடைவெளி எங்கே அதிகம்?

இயற்கை விவசாயக் கூட்டங்களில் "வீட்டுக்கு வேண்டியதை நாமே விளைவிச்சா செலவே இல்லை" என்று பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். கணக்கு தெரிந்தவன் அப்படிச் சொல்லக் கூடாது. நம் நிலத்தில் விளைந்தது இலவசம் இல்லை. விற்றால் அதற்கு ஒரு விலை கிடைத்திருக்கும். ஆகவே வீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு கிலோவையும், நிலத்தில் விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலைக்கு நாமே வாங்கியதாக எழுத வேண்டும். கடை விலைக்கும் அந்த விலைக்கும் உள்ள இடைவெளிதான் நம் மிச்சம்.

அப்படி எழுதிப் பார்த்தால் வரிசை தலைகீழாக மாறுகிறது. எல்லோரும் முதலில் கையை வைக்கும் எண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ காய் வேண்டும். உடைத்தால் இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பருப்பு. காயின் விலை 217 ரூபாய். உடைகூலி 10, செக்குக்கூலி 25. பிண்ணாக்கு 1.3 கிலோ கிடைக்கும், அது 58 ரூபாய் வரவு. ஆக லிட்டர் 194 ரூபாய் அடங்குகிறது. கடையில் 215. மிச்சம் 21 ரூபாய்தான்! இதற்காக நான் செக்கை விடவில்லை. கலப்படம் இல்லாத எண்ணெய், மாட்டுக்கு நம்பிக்கையான பிண்ணாக்கு, இதற்கெல்லாம் ஒரு மதிப்பு இருக்கிறது. ஆனால் மளிகைச் செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் செக்கில் போய் நிற்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அரிசிக்கு வருவோம். கிணற்றுப் பாசன நெல்லைக் கிலோ 24க்குப் போட்டுவிட்டு, 60 ரூபாய்க்கு அரிசி வாங்கினேன். ஒரு கிலோ அரிசிக்கு 1.6 கிலோ நெல், அரவைக்கூலி சேர்த்து 44 ரூபாய் ஆகும். கிலோவுக்கு 16 ரூபாய் இடைவெளி. துவரையை முழுசாக விற்றால் 70, பருப்பாக வாங்கினால் 160. ஒரு கிலோ பருப்புக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் துவரை போதும். இடைவெளி 50 ரூபாய்க்கு மேல். தக்காளி மண்டியில் 8, அதே ஊர்க் கடையில் 30. ஏறக்குறைய நான்கு மடங்கு. சத்துமாவு டப்பாவைப் பார்த்தால் தலை சுற்றும். கேழ்வரகு கிலோ 35 ரூபாய், டப்பா கிலோ 400 ரூபாய்க்கு மேல்.

ஆகவே எங்கள் வரிசை இப்படி அமைந்தது: முதலில் நொறுக்குத் தீனி, பிறகு காய்கறி, பிறகு பருப்பு, அரிசி. கடைசியில் எண்ணெய். உங்கள் ஊர் விலைக்கு உங்கள் வரிசை வேறாக இருக்கும். போட்டுப் பாருங்கள்.

சமையலறை அளவுக்கு விதைப்பது

அடுத்தது, எவ்வளவு விதைப்பது. நாம் ஏக்கரில் யோசிப்போம், சமையலறை டப்பாவில் யோசிக்கும். எங்களுக்கு மாதம் மூன்று கிலோ துவரம்பருப்பு, வருடத்துக்கு 36 கிலோ. முழுத்துவரையாக 55 கிலோ இருந்தால் போதும். மல்லாட்டையில் ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை போடுகிறோம். சுமாரான மழையிலேயே இரண்டு ஏக்கரில் அதைவிட அதிகம் கிடைக்கிறது, மீதி விற்பனைக்கு. உளுந்தும் ஏறக்குறைய அதே அளவுதான் செலவாகிறது, கால் ஏக்கர் தாராளம். காய்ந்த மிளகாய் வருடத்துக்கு 6 கிலோ. பழம் காய்ந்தால் கால் பங்குதான் மிஞ்சும், அதனால் 24 கிலோ பழம் வேண்டும். 40 செடி போதும். நான் முதல் வருடம் 400 செடி வைத்தேன். பறிக்க ஆள் கிடைக்காமல் பாதி செடியிலேயே வெம்பியது.

காய்கறிக்குக் கிணற்றடியில் ஐந்து சென்ட். இங்கே நான் செய்த தவறு, ஆடி பிறந்ததும் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஊன்றியது. ஒரே நாளில் ஊன்றினால் ஒரே வாரத்தில் காய்க்கும். அந்த வாரம் தெருவுக்கே வெண்டைக்காய். அடுத்த மாதம் மறுபடி சந்தை. இப்போது வெண்டை, கொத்தவரை, கீரை மூன்றையும் 15 நாள் இடைவெளியில் ஒவ்வொரு பாத்தியாக விதைக்கிறோம். அவரை, பூசணி, பீர்க்கன் ஆடியில். நாட்டு அவரை பனி இறங்கிய பிறகுதான் பூத்துக் காய்க்கும், தை வரை கவலையில்லை. சித்திரை, வைகாசிதான் இடிக்கிற மாதங்கள். அதற்கு மாசியிலேயே கத்தரி, கொத்தவரை, சுண்டைக்காய் வற்றல் போட்டுவிடுகிறோம். முருங்கைக்கீரை எப்போதும் உண்டு. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு வாங்கத்தான் வாங்குகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் செம்மண்ணில் மல்லி சரியாக வரவில்லை. இரண்டு வருடம் முயன்று விட்டுவிட்டேன். கரிசல் பக்கத்து நண்பர் ஒருவர் எட்டுக் கிலோ மல்லி அனுப்புகிறார், நான் மல்லாட்டைப் பருப்பு அனுப்புகிறேன். அதையும் விலை போட்டு நோட்டில் எழுதுகிறேன். மனைவி சிரிக்கிறாள்.

வண்டு தின்ற மூட்டை

விளைந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்ததற்குக் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். முதல் வருடம் மாசியில் துவரையும் உளுந்தும் சேர்த்து 90 கிலோ, யூரியா வாங்கிய பழைய சாக்கு ஒன்றும் இல்லாமல் புதுச் சாக்காகவே வாங்கி, வேப்பிலை, நொச்சி இலை போட்டுக் கட்டி வைத்தேன். சித்திரைக் கடைசியில் அம்மா முறத்தில் கொட்டினார். ஒவ்வொரு பயறிலும் ஓட்டை. கையில் மாவாக ஒட்டியது. மாட்டுக்கு வைத்ததுபோக மீதி குப்பைக்குழிக்குப் போனது.

பயறு வண்டு சாக்குக்குள் வெளியிலிருந்து வருவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அது வயலிலேயே முற்றிய நெற்றின் மேல் முட்டை வைத்துவிடுகிறது. அறுவடையோடு வீட்டுக்கு வருகிறது. நம் வெயிலுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது ஆரம்பம். பயறைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டியிருப்பது தெரியும். ஆகவே இலை போடுவது பிறகு. முதலில் காய்ச்சல். பல்லில் கடித்தால் நசுங்காமல் 'டக்' என்று உடைய வேண்டும். துவரையை முழுசாக வைக்காமல் சீக்கிரம் பருப்பாக்கிவிட வேண்டும், உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை குறைவு. இரவு ஊறவைத்து, செம்மண் குழம்பு பூசி, காயவைத்து உடைக்கும் பழைய முறையை அம்மா சொல்லிக்கொடுத்தார். உளுந்தை மட்டும் தோலோடு வைக்கிறோம். கிலோவுக்கு 10 மில்லி விளக்கெண்ணெய் பிசிறி, மூடி இறுகிய டிரம்மில். அமாவாசைக்கு அமாவாசை திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டாம் வருடத்திலிருந்து வண்டுக்குக் கொடுத்தது ஒரு படிகூட இருக்காது.

நோட்டில் இல்லாத வரி

மூன்றாம் வருட முடிவில் கடைச் சீட்டு வாரம் 830 ரூபாய்க்கு வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிலத்திலிருந்து எடுத்ததை விற்கும் விலைக்கு 700 என்று சேர்த்தாலும் மொத்தம் 1,530. பழைய 2,350இல் கழித்தால் வாரம் 820 ரூபாய், வருடத்துக்கு 42,640 மிச்சம். ராத்திரி சாப்பிட்ட பிறகு நோட்டை எடுத்து மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அப்போது முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எல்லாத்துக்கும் விலை போட்டுட்டீங்க. என் கைக்கு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஒரு மாதம், யார் என்ன வேலை எத்தனை நேரம் செய்கிறார்கள் என்று குறித்தேன். செம்மண் கட்டுவது, ஏந்திரத்தில் உடைப்பது, புடைப்பது, மிளகாய் காம்பு கிள்ளுவது, வற்றல் போடுவது, எடுப்பது, கேழ்வரகு முளைகட்டி வறுப்பது. வாரத்துக்கு 11 மணி நேரம், சமையலுக்கு மேலாக. கிட்டத்தட்ட முழுவதும் அவளுடையது. எங்கள் பக்கம் பெண்களுக்கு ஆறு மணி நேர வேலைக்கு 300 ரூபாய் கூலி. அதே கணக்கில் வாரம் 550 ரூபாய். என் 820 மிச்சம் 270 ஆகிவிட்டது. கடைக்காரருக்குப் போன பணத்தில் பெரும்பகுதியை மனைவியின் முதுகிலிருந்து எடுத்திருக்கிறேன். 62 வயதுப் பெண்ணுக்குத் தோள்வலி ஏன் வந்தது என்று மருத்துவரிடம் வேறு போய்க் கேட்டோம்.

அதன் பிறகு சில வேலைகளை நிறுத்தினோம், சிலவற்றை மாற்றினோம். ஏந்திரம் பரணில் ஏறியது. எங்கள் குழுவில் ஏழு குடும்பம் சேர்ந்து, துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்தவுடன் சிறு பருப்பு மில்லுக்கு ஒரே வண்டியில் அனுப்புகிறோம். கூலி, வண்டி வாடகை எல்லாம் எங்கள் பங்குக்கு வாரம் 20 ரூபாய்க்குள் அடங்குகிறது. மண் கட்டுவது ஆண்கள் வேலை என்று எழுதாத சட்டம். மஞ்சளை வேகவைத்துக் காயவைக்கும் வேலையை விட்டாயிற்று, வருடத்துக்கு இரண்டு கிலோவுக்கு அந்தப் பாடு தேவையில்லை. கீரை ஆய்வதும் மிளகாய்க் காம்பும் என் பொறுப்பு. முதல் தடவை கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். இப்போது வேலை வாரம் ஐந்து மணி நேரம், அதில் மூன்று என்னுடையது. இரண்டு பேர் கூலியையும் 250 என்று கழித்து, மில் செலவையும் கழித்தால் உண்மையான மிச்சம் வாரம் 550. வருடத்துக்கு 28,600 ரூபாய்.

முன்பு சொன்ன 42 ஆயிரத்தைவிட இது குறைவு. ஆனால் மல்லாட்டையில் ஒரு நல்ல வருடத்தில் நிற்கும் பணத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மழை பொய்த்தாலும் மண்டியில் விலை விழுந்தாலும் இதில் பெரிய ஆட்டம் இல்லை. புதிதாக இயற்கை முறைக்கு மாறுகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் மகசூல் குறையலாம். அந்த நேரத்தில் நகையை எடுத்துக்கொண்டு வங்கிக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் உரம், பூச்சிமருந்து என்று சொல்லமாட்டார்கள், வீட்டுச் செலவு என்பார்கள்.

மாறுகிறவர்கள் இந்த வாரச் சீட்டிலிருந்தே தொடங்கலாம். எட்டு வாரம் சேர்த்தால் ஆடிப்பட்டத்துக்கு முன்பாகக் கணக்கு கையில் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு எண் எழுதுங்கள்: அதே பொருளை நீங்கள் விற்றால் கிடைக்கும் விலை, அதைச் சமையலறைக்குக் கொண்டுவர ஆகும் மணி நேரம். இரண்டாவது எண்ணை எழுதும்போது அந்த வேலையைச் செய்பவரைக் கேட்டு எழுதுங்கள். நீங்களாக எழுதினால் பாதிதான் வரும், நான் முதலில் ஐந்து மணி நேரம் என்றுதான் எழுதியிருந்தேன்.

போன சனிக்கிழமைச் சீட்டு 860. முப்பது ரூபாய் ஏன் கூடியது என்று பார்த்தேன். பிஸ்கட் இரண்டு பாக்கெட். பேரனுக்கு என்று நினைத்து அவனைக் கூப்பிட்டேன். அவன் மல்லாட்டை உருண்டையைத் தின்றுகொண்டே அம்மாவின் தலையணையைக் காட்டினான்.