முதல் சுற்றை நம்பாதே

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளி விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, "முடியும் என்று நம்பினால் போதும்தானே?" என்று கேட்டிருக்கிறாய். போதாது. சாட்சிக்கு ரோஜர் பேனிஸ்டரை வேறு இழுத்திருக்கிறாய். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அந்த மனிதரைச் சும்மா விடுவதாயில்லை. ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடவே முடியாது என்று உலகம் நம்பிக் கிடந்ததாம். அவர் ஓடிக்காட்டியதும் மனத்தடை உடைந்து ஆளாளுக்கு ஓடினார்களாம். கணக்கைப் பார். 1937இல் 4 நிமிடம் 6.4 வினாடியாக இருந்த சாதனையை ஸ்வீடனின் ஹேக்கும் ஆண்டர்சனும் மாற்றி மாற்றிக் குறைத்து, 1945இல் 4 நிமிடம் 1.4 வினாடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பேனிஸ்டர் 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடியது 1954 மே 6 அன்று. அதன்பின் அந்த ஆண்டு முடியும்வரை அந்த எல்லைக்குள் ஓடிய இன்னொருவர் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி மட்டுமே. தடை மனத்தில்தான் இருந்தது என்றால் ஒரு கூட்டமே வந்திருக்க வேண்டாமா?

அன்று பேனிஸ்டர் நம்பிக்கை பொங்கி நின்றவரும் அல்லர். ஓட்டம் நடந்த ஆக்ஸ்ஃபோர்டில் காற்று பலமாக வீசியதால், சாதனைக்கு முயல்வதா வேண்டாமா என்று கடைசிவரை தயங்கினார். காற்று தணிந்த பிறகே முடிவெடுத்தார். அவரிடம் இருந்தது தயாரிப்பு. கால் மைல் ஓட்டத்தைப் பத்து முறை, நடுவே சிறு ஓய்வு விட்டு, மாதக்கணக்கில் ஓடிப் பழகியிருந்தார். அன்று காலை, தான் படித்த மருத்துவமனையில் தன் காலணியின் ஆணிகளைச் சாணைக்கல்லில் தீட்டி, ஓடுதளத்துச் சாம்பல்மண் ஒட்டாதிருக்கக் கிராஃபைட் தேய்த்தார். பதற்றத்துக்கு இதைவிட நல்ல மருந்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை: கைக்கு ஒரு வேலை. ஓட்டம் தொடங்கியதும் உடல் இறகுபோல் இருக்கவே, வேகம் காட்ட முன்னே ஓடிய தோழர் பிராஷரைப் பார்த்து "இன்னும் வேகமாக" என்று கத்தினார். பிராஷர் அசரவில்லை. அந்த முதல் சுற்று முடிந்தது 57.5 வினாடியில்; தேவையானதோ 60. பயிற்சி பெற்ற மருத்துவ மாணவரையே அவர் உடல் அப்படி ஏமாற்றியது என்றால், முதன்முறை ஓடும் உன்னை விடுமா? கூட்டமும் பரபரப்பும் சேர்ந்து களைப்பை மறைத்துவிடும். வரவுக்கு மீறிய செலவு மூன்றாம் சுற்றில்தான் தெரியும்; அப்போது காலைத் தூக்கவே முடியாது.

"அவருக்கு முன்னே ஓடி வேகம் காட்ட ஆள் இருந்தது, எனக்கு யார்?" என்பாய். நியாயம்தான். அதனால்தான் உன் பிராஷரை முன்கூட்டியே மனத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். மனத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமைதியாக இருக்கும் நாளில் எடுத்த முடிவை, கொந்தளிக்கும் நாளில் மாற்றாமல் காப்பதே அதன் வேலை. 400 மீட்டர் தளத்தில் 1500 என்பது மூன்றேமுக்கால் சுற்று. நீ சுற்றுக்கு 90 வினாடி தாங்குவாய் என்று பயிற்சியில் தெரிந்தால், எல்லைக்கோட்டை முதன்முறை தாண்டும்போது, அதாவது 300 மீட்டரில், கடிகாரம் 67 அல்லது 68 காட்ட வேண்டும். அதுவரை யார் முந்தினாலும் முந்தட்டும். நேரத்தை உரக்கச் சொல்ல ஒரு நண்பனை அந்தக் கோட்டருகே நிறுத்திவை. 60க்குள் வந்து நின்று, பிறகு மூச்சு வாங்கியதாக எனக்குக் கடிதம் எழுதினால் பதில் போடமாட்டேன்.