கைபேசிக்குக் கூடுதல் கொள்ளளவுள்ள மாற்றுப் பாட்டரி

கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தின் பணித்தளங்களில், தனிநபர் பயனாளிகளின் வேலைகள் நீங்கலாக மற்றவை அனைத்திலும், வேலைக்கு வந்தோரை நாளொன்றுக்கு இருமுறை கைபேசியில் படமெடுத்து வருகை பதியும் முறை 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின்னர் பணித்தளப் பொறுப்பாளர்கள் கூறக் கேட்ட முறையீடுகளுள் ஒன்று, காலைப் படம் ஏறிவிட்டது, பிற்பகல் படம் எடுக்குமுன் கைபேசி அணைந்துவிட்டது என்பதாகும். நாள் முழுவதும் மண் சுமந்தவரின் கூலிக்கு இதனால் இடையூறு நேரும்பொழுது, பாட்டரி என்னும் சிறு பொருள் சிறு விஷயமன்று என்பது விளங்கும். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தவாறே கைபேசியால் இயக்கும் குடியானவருக்கும், தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு வண்டி அழைக்க வேண்டியவருக்கும் இதே தொல்லை உண்டு.

இதற்குப் பரிகாரமாகப் பலரும் நாடுவது, நகரத்துக் கடைகளில் இரட்டிப்புச் சக்தி என்ற விளம்பரத்துடன் கிடைக்கும் பெரிய பாட்டரியாகும். அதனை வாங்குவது தவறன்று. ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்குவது பணத்திற்கும் சில சமயம் வீட்டிற்கும் கேடாக முடியும்.

முதலில் ஆராய வேண்டியது

கைபேசியில் உள்ளது லிதியம்-அயனிப் பாட்டரி. 1991-இல் ஜப்பானிய நிறுவனமான சோனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகை, குறைந்த எடையில் மிகுந்த ஆற்றலைத் தாங்குவதால் உலகெங்கும் பரவிற்று. இது உருவாக வழி கண்ட விஞ்ஞானிகள் மூவருக்கு 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசும் அளிக்கப்பட்டது. ஆயினும் இதற்கும் மூப்பு உண்டு. முற்றிலும் இறக்கி முற்றிலும் ஏற்றுவதை ஒரு சுற்று எனக் கொண்டால், ஏறத்தாழ 500 சுற்றுகளுக்குப் பின் இதன் கொள்ளளவு ஆதியில் இருந்ததில் ஐந்தில் நான்கு பங்காகக் குறைவது இயல்பு. நாள்தோறும் ஒரு சுற்று எனின் ஒன்றரை ஆண்டிலேயே அந்நிலை வரும். டிராக்டரின் முன்பலகையில் வெயில்படக் கிடந்த கைபேசிக்கு இன்னும் விரைவில் வரும்.

ஆதலால் மூன்று ஆண்டுகள் உழைத்த கைபேசிக்குத் தேவை பெரும்பாலும் பெரிய பாட்டரியன்று, புதிய பாட்டரியே. அதே அளவுள்ள நல்ல சரக்கைப் போட்டாலே பழைய நாட்கள் திரும்பிவிடும். கோபுர அலை நன்றாக எட்டாத ஊர்களில் கைபேசி ஓயாமல் அலையைத் தேடிக்கொண்டிருப்பதால் பாட்டரி விரைவாக இறங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே குறை பாட்டரியினுடையதன்று.

அடுத்தபடியாக, கைபேசியின் பின்மூடி கையால் கழற்றக்கூடியதா என்று பார்க்க வேண்டும். 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விற்ற சாம்சங் ஜே 2, ஜே 7, ரெட்மி 2 போன்றவற்றிலும், 2017-இல் வந்த ஜியோபோனிலும் பாட்டரியை நாமே மாற்றலாம். 2024-இல் வந்த சாம்சங் எக்ஸ்கவர் 7-இலும் அவ்வாறே. மற்றப்படி இக்காலத்துக் கைபேசிகளுள் பெரும்பாலானவை பசையிட்டு மூடப்பட்டவை. அவற்றின் உட்புறத்தில் கூடுதல் இடம் என்பதே கிடையாது. அத்தகைய கைபேசிக்கு இரு மடங்குப் பாட்டரி போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் கூறினால், அந்த இரண்டாவது மடங்கு எங்கே உட்காரும் என்று அவரைக் கேட்க வேண்டும்.

எண்ணும் எடையும்

பாட்டரியின் கொள்ளளவை எம்.ஏ.எச். என்ற கணக்கில் கூறுவர். மில்லி ஆம்பியர்-மணி என்பதன் சுருக்கம் அது. நம் ஊர் மேல்நிலைத் தொட்டியை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தொட்டியில் எத்தனை லிட்டர் நீர் உள்ளது என்பது போன்றது எம்.ஏ.எச்.; தொட்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது போன்றது வோல்ட். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது வாட்-மணி. உண்மையான ஆற்றலின் அளவு இதுவே. நல்ல பாட்டரிகளின் முகப்பில் இம்மூன்று எண்களும் அச்சிடப்பட்டிருக்கும்.

போலிச் சரக்கைப் பிடிக்க இது ஒரு வழி. 5000 எம்.ஏ.எச்., 3.85 வோல்ட் என்று போட்டிருந்தால், வாட்-மணி 19.25 என்று இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 10.78 என்று கண்டால், 2800 எம்.ஏ.எச். பாட்டரியின் முகப்புச் சீட்டில் ஓர் எண்ணை மாற்றி மற்றதை மாற்ற மறந்துவிட்டனர் என்று கொள்ளலாம். இக்கணக்கை உயர்நிலைப் பள்ளி மாணவரே போட்டுவிடுவார்.

எல்லா எண்களையும் பொருத்தமாகவே அச்சிட்ட போலியும் உண்டு. அங்கே துணை செய்வது தராசு. ஆற்றலைத் தாங்குவது உள்ளிருக்கும் பொருளே ஆகையால், பொருள் குறைந்தால் ஆற்றலும் குறையும். கைபேசிப் பாட்டரியில் ஒவ்வோர் ஆயிரம் எம்.ஏ.எச்.க்கும் ஏறக்குறைய 15 முதல் 20 கிராம் வரை எடை வேண்டும். இதனினும் மிகக் குறைவான எடையில் கூடுதல் கொள்ளளவு தரும் வித்தை எந்தக் கடைக்காரரிடமும் இல்லை. 5000 என்று எழுதிய ஒரு பாட்டரியை அண்மையில் கிளை அஞ்சலகத்தின் தராசில் வைத்துப் பார்த்ததில் 38 கிராம் காட்டிற்று. எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் அதன் கொள்ளளவு 2500-ஐ எட்டுவதே அரிது. நெல்லையும் பருத்தியையும் நிறுத்தே வாங்கி விற்கும் நம் குடியானவர்கள் பாட்டரியையும் நிறுத்து வாங்குவதில் வெட்கப்பட ஏதுமில்லை. கடைக்காரர் நகைப்பாராயின் நகைக்கட்டும்.

எடை கூடினால் தடிப்பும் கூடும். ஆகவே உண்மையாகவே பெரிதான பாட்டரி பழைய மூடிக்குள் அடங்காது. சாம்சங் காலக்ஸி எஸ் 3 கைபேசிக்கு ஆதியில் இருந்தது 2100 எம்.ஏ.எச்.; அதன் தயாரிப்பாளரே 3000 கொண்ட பெரிய பாட்டரியை விற்றபொழுது, புடைத்த புதிய பின்மூடி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தனர். இதிலிருந்து ஒரு விதியைக் கொள்ளலாம். பழைய பாட்டரியின் நீள, அகல, தடிப்பிலேயே அமைந்து, அதனினும் ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ தருவதாகக் கூறும் சரக்கைக் கையால் தொட வேண்டாம்.

சற்றே தடித்த பாட்டரியைப் பழைய மூடிக்குள் அழுத்தி அடைப்பதும் ஆகாது. இப்பாட்டரியின் உள்ளே இரு தகடுகள் மிக மெல்லிய படலத்தால் மட்டுமே பிரிக்கப்பட்டுள்ளன. தகடு வளைந்தாலோ படலம் கிழிந்தாலோ இரண்டும் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பற்றும். 2016-இல் வெளிவந்த காலக்ஸி நோட் 7 கைபேசிகள் தீப்பற்றியமையால் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதைப் பலர் அறிவர். 2017 ஜனவரியில் அந்நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தில், முதலில் பயன்படுத்திய பாட்டரிகளில் மேல் மூலையில் போதிய இடமின்றித் தகடு வளைந்ததே காரணம் என்று கூறப்பட்டது. பெரிய தொழிற்சாலையிலேயே இடநெருக்கடி இவ்வளவு செய்யுமானால், நாம் கட்டைவிரலால் அழுத்தி மூடுவதைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

வோல்ட் வரம்பு

கொள்ளளவைக் கேட்போர் நூறு பேர் என்றால் வோல்ட் வரம்பைக் கேட்போர் ஒருவரும் இல்லை. அபாயம் மறைந்திருப்பதோ இங்கேதான். பாட்டரியை எந்த உச்சம்வரை ஏற்றலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. சராசரி வோல்ட் 3.7 ஆயின் உச்சம் 4.2, 3.8 ஆயின் 4.35, 3.85 ஆயின் 4.4 என்பது வழக்கம். சில பாட்டரிகளில் உச்ச வரம்பும் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 4.4 வரை ஏற்றும்படி அமைந்த கைபேசியில் 4.2 வரம்புள்ள பாட்டரியைப் போட்டால், அது நாள்தோறும் தன் அளவுக்கு மீறி ஏற்றப்படும். சூடேறும், உப்பும், ஒருநாள் தீயும் பற்றலாம். இதற்கு எதிர்மாறாயின் முழுதும் நிரம்பாது என்பதன்றி வேறு கேடில்லை. எனவே பழைய பாட்டரியைக் கையோடு கடைக்குக் கொண்டு சென்று, இவ்வெண்களை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதே முறை. தொடுமுனைகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். கூட்டல், கழித்தல் முனைகள் நீங்கலாக மற்றவை பாட்டரியின் சூட்டையும் வகையையும் கைபேசிக்குத் தெரிவிப்பவை. மட்டமான போலிகளில் சூட்டை உணரும் பாகத்தையே விட்டுவிடுவதும் உண்டு.

முத்திரை

நம் நாட்டில் இப்பாட்டரிகள் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு பெற்ற பின்னரே விற்கப்பட வேண்டும். பதிவு பெற்றதன் அடையாளமாக ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற ஆங்கில எழுத்தும் அதனை அடுத்து எட்டு இலக்கங்களும் முகப்பில் இருக்கும். அந்த எட்டு இலக்கங்களை, 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைபேசிச் செயலியில் இட்டால், எந்தத் தொழிற்சாலை எந்தப் பொருளுக்காகப் பெற்ற பதிவு என்பது தெரியும். மின்விளக்குக்காகப் பெற்ற எண்ணைப் பாட்டரியில் அச்சிட்டிருந்தால் அக்கணமே வெளிப்பட்டுவிடும்.

பெயர் பெற்ற கம்பெனியின் சரக்கிலும் பழுது வருவதுண்டு. ஆனால் அங்கே பழுதைக் கண்டறிய வழி இருக்கும். 2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனம், தன் பி.எல்.-5சி பாட்டரிகளுள் 4 கோடியே 60 லட்சம் வரை சார்ஜ் ஏற்றும்பொழுது சூடேறக்கூடும் என்று அறிவித்து, இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிட்டா கம்பெனி செய்தவை அவை. பாட்டரியின் மேலிருந்த அடையாள எண்ணைக் கொண்டே மக்கள் தங்களுடையது அவற்றுள் ஒன்றா என்று அறிந்தனர். எண்ணும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை என்ற பாட்டரிக்கு இத்தகைய அறிவிப்பு ஒருநாளும் வராது.

பஞ்சாயத்து வாங்கும்பொழுது

பஞ்சாயத்தின் செலவில் பாட்டரிகள் வாங்க நேருமிடத்தில், விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே விவரங்களை எழுதிவிட வேண்டும். "கைபேசிப் பாட்டரி, 4 எண்ணம்" என்று மட்டும் எழுதினால், குறைந்த விலை கூறியவரிடமே வாங்கும் கட்டாயம் வந்து, குறைந்த சரக்கே கைக்கு வரும். கைபேசியின் மாதிரிப் பெயர், எம்.ஏ.எச்., வோல்ட், உச்ச வரம்பு, பதிவு எண், குறைந்தபட்ச எடை, உற்பத்தி மாதம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றைக் கேட்டு எழுதினால், விலைகளை ஒப்பிடுவதற்கும் பொருள் இருக்கும். சரக்கு வந்தவுடன் செயலர் அங்கத்தினர் ஒருவரின் முன்னிலையில் நிறுத்து, எடையை இருப்புப் பதிவேட்டில் குறிப்பது நலம். நெடுநாள் கடையில் உறங்கிய பாட்டரி உபயோகமின்றியே மூப்படையும். ஆகையால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்ததைப் புதியது என்று ஏற்கலாகாது.

என் அபிப்பிராயத்தில், மூடி கழற்றக்கூடிய கைபேசியாயின், புடைத்த பெரிய பாட்டரி ஒன்றைவிட ஆதியளவுள்ள நல்ல பாட்டரிகள் இரண்டு மேல். ஒன்று இறங்கியதும் மற்றதை மாற்றிக்கொள்ளலாம்; ஒன்று கெட்டாலும் வேலை நிற்காது. பெரிய பாட்டரிக்குச் சார்ஜ் ஏறும் நேரமும் அதே விகிதத்தில் கூடும். ஒரு ஆம்பியர் சார்ஜரில் 2000 எம்.ஏ.எச். நிரம்ப இரண்டரை மணி நேரம் ஆகுமானால், 4000-க்கு ஐந்து மணி நேரம் ஆகும். இரவில் மின்சாரம் தடைப்படும் ஊர்களில் இது எண்ணத்தக்கது. மேலும், கைபேசியின் சதவீதக் கணக்கு பழைய கொள்ளளவிற்கேற்ப அமைந்ததாகையால், முதல் சில நாட்கள் தாறுமாறாகக் காட்டக்கூடும். மாற்றுப் பாட்டரியைச் சட்டைப் பையில் சில்லறைக் காசுகளுடனும் சாவிக்கொத்துடனும் போடலாகாது. முனைகளை உலோகம் இணைத்தால் தீ உண்டாகும். ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும்.

மூடி கழற்ற இயலாத கைபேசிக்கு, தயாரிப்பாளரின் சேவை நிலையத்தில் அதே அளவுப் பாட்டரியைப் புதிதாகப் போட்டுக்கொண்டு, மேற்கொண்டு வேண்டுவதற்குப் பவர் பாங்க் ஒன்றை வைத்துக்கொள்வதே வழி. அதிலும் பெட்டியின் முன்புறம் பெரிதாகக் காணும் 10000 என்பது உள்ளிருக்கும் பாட்டரியின் அளவு. வோல்ட்டை 5-க்கு உயர்த்தி வெளியே தரும்பொழுது இழப்புப் போக நமக்குக் கிடைப்பது 6000-ஐ ஒட்டியே இருக்கும். அந்த எண்ணைப் பின்புறத்தில் சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பர்.

பழைய பாட்டரிகள்

உப்பிய பாட்டரியை அழுத்துவதோ, குத்திக் காற்று இறக்குவதோ, மீண்டும் சார்ஜ் ஏற்றுவதோ கூடாது. கைபேசி தீப்பற்றினால், முதலில் சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்து, அருகிலுள்ள துணி, வைக்கோல் முதலியவற்றை அகற்றி, ஏராளமான நீரை ஊற்றிக் குளிரச் செய்ய வேண்டும். அதன் புகை நஞ்சாகையால் குழந்தைகளை வெளியேற்றுவதும் அவசியம்.

கழித்த பாட்டரிகளைக் குப்பையோடு சேர்க்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் நீங்கவில்லை. தூய்மைக் காவலர்கள் குப்பையைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் நசுங்கிய பாட்டரி ஒன்று கிடந்தால், காய்ந்த பிளாஸ்டிக் குவியல் முழுவதும் எரிந்துபோகும். அருகில் நிற்பவர் அவர்களே. பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி உபயோகிப்போர் கழித்த பாட்டரிகளை மற்றக் குப்பையினின்று பிரித்து, சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்க வேண்டும். அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. பஞ்சாயத்து அலுவலகத்தின் நிழலான மூலையில், உலர்ந்த மணல் இட்ட தகர டப்பா ஒன்றை மூடியுடன் வைத்து, முனைகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டிய பழைய பாட்டரிகளை அதில் போடும்படி தண்டோரா மூலமாகவோ கிராம சபையிலோ அறிவிக்கலாம். உப்பியவற்றுக்குத் தனி டப்பா வேண்டும். டப்பா நிறைந்ததும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து, எண்ணிக்கையையும் தேதியையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும்.