சுன்னத்: வீட்டில் கவனிக்க வேண்டியவை

குடும்பத்தில் யாருக்காவது ஹீமோபிலியா போன்ற ரத்தம் உறையாத நோய் இருந்தால், நாள் குறிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தையின் சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கமாக இருந்தாலும் காட்ட வேண்டும். அதைச் சரிசெய்ய முன்தோலே தேவைப்படலாம் என்பதால் சுன்னத்தைத் தள்ளிவைப்பார்கள்.

சுன்னத் முடிந்தபின் துணியில் ஓரிரு சொட்டு ரத்தம் சாதாரணம். கசிந்துகொண்டே இருந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நிற்கவில்லையா, உடனே மருத்துவமனைதான். காப்பித்தூள், மஞ்சள்தூள் வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஆணுறுப்பின் மொட்டுப் பகுதி மேல் மஞ்சளாகப் படியும் மெல்லிய படலத்தைச் சீழ் என்று நினைத்துப் பதறுபவர்களே அதிகம். புண் ஆறுகிறது, அவ்வளவுதான், சுரண்டாதீர்கள். காய்ச்சல், கெட்ட வாடை, பரவும் சிவப்பு இருந்தால்தான் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் வளையம் போட்டிருந்தால் பெரும்பாலும் 10 நாளுக்குள் தானாக விழும். இழுக்கக் கூடாது. வளையம் கீழே நழுவி இறுகினாலோ, குழந்தை 8 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காவிட்டாலோ காலைவரை காத்திருக்காதீர்கள்.

மாதங்கள் கழித்தும் ஒரு சிக்கல் வரலாம்: சிறுநீர் நூல்போல மெலிந்து மேல்நோக்கிப் பீய்ச்சினால், துளை சுருங்கியிருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.