பிடித்த சோறும் கசக்கும் காலம்

இந்த மாதப் பாடம் கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் சேவை.

புற்றுநோய் வந்த பிள்ளைகளைப் பார்க்க நம் அணிகள் மருத்துவமனைக்குப் போவதுண்டு. வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஏதாவது தின்பண்டம் வாங்கிக்கொண்டு போவோம். பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தால், "ஏன் இப்படி அடம் பண்ணுறான்?" என்று தோன்றும். அவன் நாக்கில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அப்படித் தோன்றாது.

நாக்கில் நடப்பது என்ன?

ரத்தப் புற்றுநோய் உள்ள சில பிள்ளைகளுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தேவைப்படும். முதலில் கடுமையான கீமோதெரபி, சிலருக்கு உடல் முழுவதும் கதிர்வீச்சு. பிறகு, ரத்தம் ஏற்றுவது போலவே ஸ்டெம் செல்களைக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். இந்த மருத்துவத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவரான அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ மருந்து தாக்கும். புற்றுநோய் செல் எது, நல்ல செல் எது என்று அதற்குச் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சுவை மொட்டில் உள்ள பல செல்கள் ஏறக்குறைய 10 நாளுக்கு ஒருமுறை புதிதாக மாறுபவை. அதனால் அவையும் அடிபடும்.

நான் பொறியியல் மாணவன். எங்கள் பாஷையில் சொன்னால் சுவை மொட்டு ஒரு சென்சார். பழைய சென்சார் தேய்ந்துபோச்சு, புதியது இன்னும் வரவில்லை. உணவைக் கரைத்து அதனிடம் கொண்டுசேர்க்கும் எச்சிலும் குறைந்துவிடும். வாய்ப்புண் வேறு. அதனால் இனிப்பு மங்கலாம், இறைச்சி கசக்கலாம், எதைத் தின்றாலும் இரும்பு வாடை அடிக்கலாம்.

உறைய வைத்த செல்களை ஏற்றும்போது இன்னொரு சங்கடம். அவற்றைப் பாதுகாக்கச் சேர்க்கும் டிஎம்எஸ்ஓ என்ற பொருள் மூச்சு வழியாக வெளியேறும்போது பூண்டு போல வாடை வீசும். வாயிலும் அந்தச் சுவை தங்கும். அதற்காகவே பிள்ளைகளுக்குச் சப்ப மிட்டாய் கொடுப்பதுண்டு.

மூளையும் மறக்காது

1978இல் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பிள்ளைகளுக்குக் கீமோவுக்கு முன் ஒரு புதுவகை ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். வயிற்றைப் புரட்டும் மருந்து பெற்ற பிள்ளைகளில் பலர் பிறகு அந்த ஐஸ்கிரீமை ஒதுக்கினார்கள். குமட்டலுக்குக் காரணம் மருந்து; பழி விழுந்ததோ ஐஸ்கிரீம் மேல். அதனால் ரொம்பப் பிடித்த உணவைக் கீமோவுக்குச் சற்று முன் கொடுக்காமல் இருப்பது நல்லது.

என் சித்தி மகனுக்கு இந்த சிகிச்சை நடந்தபோது, சித்தி ஆசையாக வைத்த ரசத்தை அவன் தள்ளிவிட்டான். "என் கையே அவனுக்குக் கசந்துபோச்சா?" என்று சித்தி அழுதாங்க. நம் வீடுகளில் அன்பைச் சோற்றில்தானே காட்டுகிறோம்! சுவை பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும், பசி திரும்ப இன்னும் நாளாகலாம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவங்க மனசு அவ்வளவு நொந்திருக்காது.

நாம் செய்ய வேண்டியவை

1. கேட்காமல் உணவு கொண்டுபோகாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவு. கோயில் பிரசாதமானாலும், நறுக்கிய பழமானாலும் தாதியிடம் கேட்ட பிறகுதான்.

2. "ஒரு வாய் சாப்பிடு, அம்மாவுக்காக" என்று கெஞ்ச வேண்டாம். சாப்பிடாதது அவன் குற்றமில்லை.

3. இரும்பு வாடை அடித்தால் பிளாஸ்டிக் கரண்டி உதவும். வாசம் குறைந்த, ஆறிய உணவு சிலருக்கு ஒத்துவரும். எதைக் கொடுக்கலாம் என்பதை உணவியல் நிபுணர் சொல்லட்டும்.

4. மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுத்தால் பரிதாபமாகப் பார்க்காதீர்கள். நாக்கு தேறும்வரை உடம்புக்குத் தெம்பு கொடுக்கும் வழி அது.

5. பெற்றோரிடம் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். "அவன் உங்க சமையலை வெறுக்கலீங்க, நாக்கு இப்போ அப்படி இருக்கு" என்று சொன்னாலே பெரிய ஆறுதல்.

அடுத்த கூட்டத்தில் பேச

• உணவு இல்லாமல் ஒரு பிள்ளையிடம் அன்பைக் காட்ட உங்கள் அணி என்ன செய்யலாம்?

• உங்கள் வீட்டில் யாராவது நோயில் சாப்பிட மறுத்தபோது மற்றவர்கள் என்ன சொன்னார்கள்? இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?