பக்கத்து வகுப்பும் உன் வகுப்புதான்

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து தலைமை ஆசிரியரிடம் வருகைப் பதிவேடு, சத்துணவுக் கணக்கு தவிர வேறெதுவும் பேசியதில்லை என்று எழுதியிருந்தாய். அதுதான் என்னை உறுத்துகிறது.

கட்டாயக் கல்விச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். உங்கள் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை நீ. நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியர் சார். அவர் கூட்டத்துக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ கிளம்பினால் ஐந்து வகுப்பும் உன் கையில். அன்றைக்கு அவர் பிள்ளைகளை வெறுமனே உட்காரவைத்துக் காவல் காக்காமல் இருக்க வேண்டுமானால், பாடம் எங்கே நிற்கிறது, யாருக்கு எது வரவில்லை என்பது உனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கழித்தலையே எடுத்துக்கொள். 52-இலிருந்து 17 போனால் 45 என்று எழுதும் பிள்ளையை நீயும் பார்த்திருப்பாய். 2-இல் 7 போகாது என்றதும், 7-இல் 2 போக 5 என்று போட்டுவிடும். பத்துகள் பக்கம் 5-இல் 1 போக 4. அது கவனக்குறைவு இல்லை, மகளே. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் கணக்கு என்று அந்தப் பிள்ளை உண்மையாகவே நம்புகிறது. நீ குச்சிக்கட்டைப் பிரித்து ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக்கிக் காட்டுகிறாய். நான்காம் வகுப்புக்குப் போனதும் கரும்பலகையில் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்கிறார்கள். இரண்டும் ஒரே வேலைதான் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. "கீழ் வகுப்பில் என்னதான் நடத்தினார்கள்?" என்ற மனத்தாங்கல் பிறப்பது இங்கேதான். எதுவரை குச்சி, எப்போது வெறும் எண் என்று நீங்கள் இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினாலே பாதி சரியாகிவிடும்.

ஜப்பானில் இதை முறையாகவே செய்கிறார்கள். ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுவார்கள். நடத்தியவருக்கு மதிப்பெண் போட மாட்டார்கள். நம் ஊரில் வகுப்புக்குள் இன்னொருவர் நுழைந்தாலே ஆய்வு என்று ஆகிவிட்டது. அந்தப் பயத்தை முதலில் உன் பக்கமிருந்து எடு. "சார், உங்க பிள்ளைங்களுக்கு எழுத்து வேலை கொடுத்துட்டு, கால் மணி நேரம் வந்து என் கடைசி வரிசையைப் பாருங்க" என்று நீயே கூப்பிடு. மூத்தவர் மனம் கோணாமல் பேச்சைத் தொடங்க எனக்குத் தெரிந்த நல்ல வழி அதுதான்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கும் இரண்டு மாணவர் நோட்டுகளைக் கையோடு எடுத்துப் போ. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலையில் உள்ள பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்து நடத்தும் பாடு பக்கத்து ஊர் டீச்சருக்கும் உண்டு. அவரிடம் காட்டிக் கேள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் தெரிந்த சின்னப் பெண் என்று எமிஸ் இணையதளப் பதிவு முழுக்க உன் தலையில் விழும். உதவி செய், ஆனால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய். இல்லாவிட்டால் உன் பிள்ளைகளின் பாட நேரம்தான் போகும்.

இந்த வாரம் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் சிலவற்றை வாங்கி, சாரோடு சேர்ந்து பார். கழித்தலில் யார் எங்கே தடுக்கினார்கள் என்று எழுது. நானும் யோசித்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா