“வாடகைத் தாய்”: செய்தியில் காணாமல் போகும் பெண்



2022 அக்டோபரில் திரையுலகத் தம்பதி ஒன்று இரட்டைக் குழந்தைகள் பிறந்ததை அறிவித்தபோது, தொலைக்காட்சிகள் திருமணத் தேதியை வைத்து மாதக் கணக்குப் போட்டன. தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது. விதிமீறல் இல்லை என்று அறிக்கையும் வந்தது. நம் வீடுகளிலும் அதே பேச்சாக இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளைச் சுமந்து பெற்றவள் நலமாக இருக்கிறாளா என்ற கேள்வி மட்டும் அரிதாகவே எழுந்தது.

முதலில் சொல்லையே கவனியுங்கள். வீட்டையும் கடையையும் வாடகைக்கு விடுவார்கள். ஒரு பெண்ணுக்கு அந்தச் சொல்லை வைத்தது யார்? 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் பணத்துக்காகப் பிள்ளை சுமப்பதையே தடை செய்துவிட்டது. மருத்துவச் செலவும், 36 மாதக் காப்பீடும், விதிகள் அனுமதிக்கும் மற்றச் செலவுகளும் தவிர கூலி எதுவும் கிடையாது. சுமப்பவள் மணமானவளாக, தனக்கென ஒரு பிள்ளை உள்ளவளாக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் அனுமதி. மீறி வியாபாரம் செய்வோருக்கு 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தில் வாடகை ஒழிந்தது. பத்திரிகைத் தலைப்பில் ஒழியவில்லை.

சினிமாவும் இப்பெண்ணைச் சில அச்சுகளில்தான் வார்க்கிறது. 2001-இல் வந்த ‘சோரி சோரி சுப்கே சுப்கே’ என்ற இந்திப் படத்தில் அவள் விலைமாது. 2021-இல் வந்த ‘மிமி’யில் நடிகையாகும் ஆசையில் பணத்துக்கு இசைந்த நடனப் பெண். 2022-இல் வந்த ‘யசோதா’வில் குற்றக் கும்பலிடம் சிக்கியவள். கடனை அடைக்கவோ, பிள்ளைகளைப் படிக்க வைக்கவோ வழி தேடும் சாதாரணக் குடும்பத்துப் பெண்ணாக அவளைப் பார்ப்பது குறைவு.

2008-இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் பிறந்த மஞ்சி என்ற குழந்தையின் செய்தி இன்னொரு பாடம். ஜப்பானியத் தம்பதிக்காக உருவான குழந்தை அது. பிறப்பதற்குள் தம்பதி பிரிந்துவிட்டார்கள். மனைவி ஒருத்தி, கருமுட்டை தந்தவள் ஒருத்தி, சுமந்தவள் ஒருத்தி என மூன்று பெண்கள் இருந்தும், தாயாக நின்று குழந்தையை ஏற்க ஒருவரும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தந்தை வழிப் பாட்டிதான் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். சுமந்தவளோ செய்தியின் ஓரத்தில்கூட நிற்கவில்லை.

நஸப் எனும் வமிசத் தொடர்பு குழம்பக் கூடாது என்று மார்க்கம் வலியுறுத்துவது இதற்காகத்தான். 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மூன்றாம் நபரின் விந்தோ, முட்டையோ, கருப்பையோ இடையில் வரும் முறைகளைத் தடுக்கப்பட்டவை என்று முடிவு செய்தது. கணவன் மனைவிக்கிடையே மட்டும் நடக்கும் சிகிச்சையை, தேவை இருந்து தகுந்த எச்சரிக்கையோடு செய்தால், அனுமதித்தது. பெற்றவளே தாய் என்று கூறும் 58:2 வசனத்தையும் உலமாக்கள் இதில் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

ஆனால் ஒரு செயல் கூடாது என்பது வேறு. அதில் ஈடுபட்ட பெண்ணின் மானத்தைப் பறிப்பது வேறு. மருத்துவமனையில் கருவை வைத்துக்கொண்டவளை நடத்தை கெட்டவள் என்று திண்ணையில் பேசுவது அவதூறு. ஒரு பெண்ணின் கற்பின் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவருக்கு 80 கசையடி என்று 24:4 வசனம் எச்சரிக்கிறது. வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்வது 49:6. வாட்ஸ்அப்பில் வந்ததை அடுத்த குழுவுக்குத் தள்ளுமுன் இவ்விரண்டையும் நினைவில் கொள்வோம்.

குழந்தையில்லாத் தம்பதியருக்கும் ஒரு வார்த்தை. இப்ராஹீம் நபியும் ஸகரிய்யா நபியும் முதுமை வரை காத்திருந்து துஆ கேட்டவர்கள். பிள்ளைப்பேறு இன்மை இழிவல்ல. கணவன், மனைவி இருவருமே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருமகளை மட்டும் குத்திப் பேசுவதை மாமியார்கள் விட்டுவிட வேண்டும். அநாதைப் பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்ப்பதற்குப் பெரும் நன்மை உண்டு. அப்பிள்ளையின் தந்தை பெயரை மட்டும் மாற்றக் கூடாது.

கடைசியாக, நம் எல்லோருக்கும். பிள்ளை சுமந்து கொடுத்தால் லட்சக்கணக்கில் பணம் என்று எந்தத் தரகர் வந்தாலும் அது சட்டவிரோதம். ஏமாற்றப்பட்டால் ஒப்பந்தத் தாள் அந்தப் பெண்ணைக் காப்பாற்றாது. கடன் நெருக்கும் சகோதரிகள் தயங்காமல் ஜமாஅத்தையோ அறக்கட்டளையையோ அணுகுங்கள். ஸகாத் பெற உரியவர்களின் பட்டியலில் கடனாளிகளையும் 9:60 வசனம் வைத்திருக்கிறது. கடனுக்காக ஒரு சகோதரி தன் கருப்பையைக் கொடுக்கும் நிலைக்கு வந்தால், அவளைக் குறை சொல்லுமுன் நம் ஸகாத் எங்கே போனது என்று மஹல்லாவாசிகளாகிய நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.